புகையா, பனியா?

எங்கள் வகுப்பறை முதல் மாடியில் இருக்கிறது. மூன்றாவது ஜன்னலைத் திறந்தால் பொன்மலை தெரியும். உச்சியில் வேலாயுதசாமி கோயில், கீழே படிகள், அதற்கும் கீழே கிணத்துக்கடவு. டிசம்பரில் செமஸ்டர் தொடங்கும்போது முதல் மணி வகுப்பில் மலையில் பாதிதான் கண்ணுக்கு அகப்படும். தத்துவ அறிமுகப் பாடத்தை நான் அந்த ஜன்னலில்தான் ஆரம்பிக்கிறேன். "அங்க என்ன தெரியுது?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நின்றுவிடுவேன்.

"மலைங்க மேம்." "கோயிலுங்க." "பனி."

ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர் கடைசி பெஞ்சிலிருந்து வேறு மாதிரி சொல்வது வழக்கம். "பனி இல்லீங் மேம், பொகை. அடிவாரத்துல யாரோ சருகு பத்தவெச்சிருக்காங்க."

"எப்படித் தெரியும் கண்ணு?"

அவ்வளவுதான், வகுப்பு கிளம்பிவிடும். பனியாக இருந்தால் பரவலாக நிற்கும், இது ஒரே இடத்திலிருந்து எழும்புகிறது என்பாள் ஒரு பெண். காற்று அசையாத நேரத்தில் பனியும் பள்ளத்தில் தேங்கித்தான் நிற்கும் என்று நெகமத்திலிருந்து வருகிறவன் மறுப்பான். வீட்டுக்குப் பக்கத்தில் தேங்காய்த் தொட்டி சுடும் கரிச்சூளை இருக்கிறவனுக்குப் புகையின் நிறம் அத்துபடி. அடியில் ஒரு நிறம், மேலே போகப் போக வேறு என்று விளக்குவான். விடுமுறையில் நார் மில்லுக்கு வேலைக்குப் போன பையன், இரண்டுமே இல்லாமல் வெறும் தூசியாகவும் இருக்கலாமே என்பான். "போய்ப் பாத்துட்டு வந்துரட்டுங்களா மேம்?" என்று எழுந்து நிற்பவனும் உண்டு. அவனை நான் உட்காரச் சொல்வதில்லை. போய்ப் பார்ப்பது என்பதும் ஒரு பதில்தானே; அது மற்ற பதில்களிலிருந்து எந்த வகையில் வேறுபடுகிறது என்று அவனையே கேட்பேன்.

அன்றைக்குக் கரும்பலகையில் ஒரு பெயரும் எழுத மாட்டேன். அடுத்த வகுப்பில்தான் மணிமேகலையைத் திறப்பேன். 29ஆவது காதையில் காஞ்சிபுரத்தில் அறவண அடிகள் காப்பியத்தின் நாயகிக்கு அளவை சொல்லிக் கொடுக்கிறார். மலையில் நெருப்பு இருக்கிறது, ஏனென்றால் புகை இருக்கிறது, அடுக்களையில் இருப்பது போல. பக்கம், ஏது, திட்டாந்தம் என்று அதைப் பிரித்துக் காட்டுகிறார். அதோடு நிறுத்தாமல், ஏது எங்கெங்கே வழுக்கும் என்றும் வரிசையாகச் சொல்கிறார். அவற்றில் ஒன்றுக்குச் சித்தாசித்தம் என்று பெயர். ஆவியோ பனியோ என்ற ஐயம் தீராமலே அதைப் புகை என்று வைத்துக்கொண்டு, அதைக் காட்டி நெருப்பு உண்டு என்று துணிவது. முந்தின நாள் ஜன்னலோரத்தில் தாங்கள் சண்டை போட்ட விஷயம் ஒரு தமிழ்க் காப்பியத்துக்குள் பெயரோடு இருப்பதைக் கேட்டதும் வகுப்பு ஒரு நிமிடம் அடங்கும். அந்த அமைதிக்காகவே நான் 11 வருடமாக இந்தப் பாடத்தை விடாமல் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

பாடம் என்று பெரிதாகச் சொல்லிவிட்டேன். கல்லூரிக் கணக்கில் இது ஒரு நான்-மேஜர் எலெக்டிவ். வாரத்துக்கு இரண்டு மணி நேரம், ஐந்து யூனிட். பி.காம்., கணினி அறிவியல், பி.பி.ஏ. பிள்ளைகள் வருவார்கள். முக்கால்வாசிப் பேர் விரும்பி வருகிறவர்கள் இல்லை. வேறு எலெக்டிவ்களில் இடம் நிரம்பிப்போய் இங்கே வந்தவர்கள். அதில் எனக்கு வருத்தமே கிடையாது. இந்தியாவில் தத்துவம் படித்தவர்களில் மிகப் பெரிய பெயர் எடுத்தவரும் அப்படி வந்தவர்தான். சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் எந்தப் பாடம் எடுப்பது என்று இளைஞர் ராதாகிருஷ்ணன் யோசித்துக்கொண்டிருந்தபோது, பட்டம் முடித்திருந்த உறவினர் ஒருவர் தன் தத்துவப் பாடப் புத்தகங்களை அவரிடம் கொடுத்தார். ஸ்டௌட் எழுதிய உளவியல், வெல்ட்டனின் தர்க்கம், மெக்கன்சியின் அறவியல். காசு கொடுத்து வாங்க வேண்டாத அந்தப் புத்தகங்கள் அவருடைய திசையை முடிவு செய்தன என்று அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். 1909இல் மாநிலக் கல்லூரியில் தத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். கடைசியாக இடம் கிடைத்த பாடம் என்று சுரத்தில்லாமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு முதல் வாரத்தில் இந்தக் கதையைச் சொல்லிவிடுவேன்.

அவர்களுக்குத் 'தத்துவம்' என்ற சொல்லே ஒரு தடை. தத்துவம் என்றால் என்ன என்று கேட்டால் சினிமாவில் வரும் தத்துவப் பாட்டு, ஆட்டோவின் முதுகில் எழுதியிருக்கும் வாசகம், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் என்று பதில் வரும். ஆழியாறு அறிவுத்திருக்கோயில் பக்கத்தில் இருப்பதால் வேதாத்திரி மகரிஷியைச் சொல்கிறவர்களும் உண்டு. "தத்துவம் பேசாதடா" என்று வீட்டில் திட்டு வாங்கியவர்களும் இருப்பார்கள். இவை எல்லாமே முடிவுகள். யாரோ ஒருவர் வாழ்ந்து, அடிபட்டு, கண்டெடுத்துச் சொன்னவை. அவற்றுக்கு மரியாதை உண்டு. ஆனால் முடிவுக்கு முன்னால் ஒரு நடை இருக்கிறது, அதை இந்தச் சொல் மறைத்துவிடுகிறது. அதனால் நான் 'அளவை' என்ற சொல்லிலிருந்து தொடங்கப் பழகிக்கொண்டேன். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அளப்பது என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. படி, வள்ளம், தராசு, மின்தராசு எல்லாம் பார்த்து வளர்ந்தவர்கள். நெல்லை அளக்க வள்ளம் இருப்பது போல, ஒரு பேச்சு நிஜமா என்று அளக்க எதை வைத்திருக்கிறாய்? இப்படிக் கேட்டால் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

எனக்கே அது அப்படித்தான் புரிந்தது. அப்பா தக்காளி போட்டவர். விடியும் முன்னே கிணத்துக்கடவு மார்க்கெட்டுக்கு 15 கிலோ பெட்டிகள் போகும். சின்ன வயதில் அவரோடு போய்ப் பார்த்திருக்கிறேன். வாங்க வருகிறவர் மேலாக இருக்கிற தக்காளியைத் தொடவே மாட்டார். பெட்டியின் ஓரமாகக் கையை விட்டு, அடியிலிருந்து ஒன்றை எடுத்து, கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்திப் பார்ப்பார். அடுத்த நொடி விலை சொல்வார். "ஒரு காயப் பாத்து ஒம்பது பொட்டிக்கு வெல சொல்றாம் பாரு" என்று அப்பா வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வருவார். பிறகு சென்னையில் தத்துவம் படித்தபோது, கண்ட சிலவற்றிலிருந்து காணாத பலவற்றுக்குத் தாவ நமக்கு என்ன உரிமை இருக்கிறது என்று டேவிட் ஹியூம் கேட்ட கேள்வியை ஆசிரியர் நடத்தினார். எனக்கு அப்பாவின் முணுமுணுப்புதான் காதில் விழுந்தது. ஹியூம் அந்தக் கேள்வியை 1748இல் வெளியான நூலில் கூர்மையாக்கி வைத்தார். எங்கள் மார்க்கெட்டில் அது தினமும் விடியற்காலையில் கேட்கப்படுகிறது. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. மார்க்கெட்டில் விலை சொன்னதும் கேள்வி தீர்ந்துவிடும். வகுப்பறையில் தீராது.

இதைத் தெரிந்துகொண்டும், வேலைக்குச் சேர்ந்த முதல் மூன்று வருடம் நான் அப்படி நடத்தவில்லை. தேலீஸ் தொடங்கி காண்ட் வரை பெயர், காலம், கொள்கை என்று எழுதிப் போட்டேன். பிள்ளைகள் நகல் எடுத்த நோட்ஸை மனப்பாடம் செய்து 'குறிப்பு வரைக' கேள்விகளுக்கு எழுதினார்கள். எல்லோரும் பாஸ். விடைத்தாள் திருத்தும்போது ஒரே வாக்கியம் 30 கையெழுத்தில் வருவதைப் பார்த்து ஒரு ராத்திரி தூக்கம் வரவில்லை. 'நான் சிந்திக்கிறேன்' என்று ஆரம்பிக்கிற டேக்கார்ட்டின் வாக்கியத்தை 30 பேர் சிந்திக்காமல் எழுதியிருந்தார்கள், அதற்கு நான் மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த செமஸ்டரில் வரிசையைத் தலைகீழாக மாற்றினேன். சிலபஸில் இருப்பதை விட முடியாது, விடவும் இல்லை. ஆனால் முதல் இரண்டு வாரம் அந்தத் தேலீஸ்-காண்ட் வரிசையில் ஒரு பெயரும் வராது. கேள்வி பிள்ளைகளின் கைக்கு வந்த பிறகுதான் அதை முன்னால் கேட்டவர்களை அறிமுகப்படுத்துவேன்.

இப்படி நடத்தும்போது பாடப் புத்தகம் பல இடத்தில் தோற்கும். தோற்கத்தான் வேண்டும். மணிமேகலை 27ஆவது காதையில், நாயகி கொள்கை கேட்கப் போகும் சமயவாதிகளில் ஒருவனான அளவைவாதி, கருதல் அளவையை, அதாவது ஊகித்து அறிவதை, மூன்றாகப் பிரிப்பான். பொது, எச்சம், முதல். காட்டுக்குள் யானையின் சத்தம் கேட்டு அங்கே யானை இருக்கிறது என்று அறிவது பொது. ஆற்றில் வெள்ளத்தைப் பார்த்து மேலே மழை பெய்திருக்கிறது என்பது எச்சம். கருத்த மேகத்தைப் பார்த்து மழை வரும் என்பது முதல். யானையை மதுக்கரைப் பக்கத்துப் பிள்ளைகளிடம் விட்டுவிடுவேன். வாழைத்தோப்பில் கேட்கும் சத்தத்தில் எது யானை, எது காற்று என்று அவர்கள் சொல்வதைக் கேட்க ஒரு மணி நேரம் போதாது. எச்சத்துக்கும் உதாரணம் தேட வேண்டியதில்லை. கோயம்புத்தூரில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே நொய்யலில் தண்ணீர் வரும். மேற்கே மலையில் மழை என்று எல்லோருக்கும் தெரியும்.

மூன்றாவதில்தான் தகராறு. ஒரு ஆடி மாதத்து வகுப்பு. (அந்த வருடம் பாடம் ஒற்றைப்படை செமஸ்டரில் வந்திருந்தது.) முதல் என்பதை விளக்கி முடித்ததும் ஒரு மாணவி எழுந்தாள். "எங்கூர்ல அது செல்லாதுங்க மேம்." பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேகம் கருகருவென்று வரும், காற்று அதை அப்படியே கிழக்கே தள்ளிக்கொண்டு போய்விடும், நாலு தூறல் போட்டால் உண்டு என்றாள். அவள் அப்பா மேகத்தைப் பார்த்து மழை என்று சொல்ல மாட்டாராம். காற்று நின்றதா என்று பார்த்துத்தான் சொல்வாராம். அவள் சொன்னதன் அருமை அவளுக்குத் தெரியவில்லை. மேகத்துக்கும் மழைக்கும் இடையே இருப்பதாக நூல் எடுத்துக்கொண்ட உறவு இந்த மண்ணில் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது என்று அவள் கண்டுபிடித்திருக்கிறாள். நியாய மரபில் இதற்கு உபாதி என்று பெயர். நெருப்பிலிருந்து புகையை ஊகிக்க முடியாது, ஈர விறகு என்ற நிபந்தனை வேண்டும் என்பார்கள். பழுக்கக் காய்ந்த இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. அன்றைக்குக் கரும்பலகையில் 'உபாதி' என்று எழுதி, பக்கத்தில் 'காற்று' என்று எழுதினேன்.

இதே வகுப்புகளில்தான் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் கோழியும் வரும். தத்துவச் சிக்கல்களை எளிமையாக அறிமுகம் செய்து அவர் 1912இல் எழுதிய சின்னப் புத்தகத்தில் ஒரு கோழி இருக்கிறது. தினமும் தீனி போட்ட அதே கை கடைசியில் அதன் கழுத்தைத் திருகுகிறது. உலகம் முழுக்க முதலாண்டு மாணவர்கள் இந்தக் கோழியைப் படிக்கிறார்கள். பல்லடம், உடுமலை, பொள்ளாச்சி வட்டாரத்துப் பிள்ளைகள் படிப்பது போல யாரும் படிக்க முடியாது என்று நினைக்கிறேன். இங்கே பிராய்லர் பண்ணை வீட்டுப் பிள்ளைகள் வகுப்புக்கு இரண்டு பேராவது இருப்பார்கள். கம்பெனி குஞ்சும் தீவனமும் கொடுக்கும், இவர்கள் வளர்த்துக் கொடுத்து வளர்ப்புக் கூலி வாங்குவார்கள். 40, 45 நாளில் லாரி வந்துவிடும்.

அப்படி ஒரு வீட்டுப் பையன். அதிகம் பேசாதவன். கோழி தப்புக் கணக்கு போட்டுவிட்டது என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொல்லிக்கொண்டிருந்தபோது அவன் சொன்னான், "கோழி கணக்கு தப்பில்லீங் மேம். நாப்பது நாளும் தீவனம் நெசமாத்தான வந்துச்சு." கொஞ்ச நேரம் கழித்து, "அது வேற எப்படித்தான் நெனச்சிருக்கோணும்?" என்று கேட்டான்.

என்னிடம் பதில் இல்லை. கண்ட ஒவ்வொன்றும் உண்மை, கண்டதிலிருந்து எடுத்த முடிவு பொய். கோழி செய்த பிழை எது என்று யாராலும் சுட்டிக்காட்ட முடியவில்லை. நூறு வருடத்துக்கு மேலாகத் தத்துவத் துறைகளில் இதைப் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். "இதுக்கு யாருக்கும் முழுசா விடை தெரியாது, நானும் யோசிச்சுட்டுத்தான் இருக்கேன்" என்று சொன்னேன். ஆசிரியருக்கு விடை தெரியாது என்று சொன்னால் மற்ற வகுப்புகளில் சலசலப்பு வரும். அன்று வரவில்லை. மணி அடித்தும் நாலைந்து பேர் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

மணிமேகலையின் அதே அளவைவாதி தரும் அளவைகளின் பட்டியலில் ஐதிகம் என்று ஒன்று உண்டு. இந்த மரத்தில் பேய் இருக்கிறது என்று ஊர் சொல்வதால் தெளிவது. இதை நடத்துவதில் எனக்கு ஒரு வடு இருக்கிறது. இரண்டாவது வருடமோ மூன்றாவது வருடமோ, தங்கள் ஊர்ப் புளியமரத்தைப் பற்றி ஒரு பெண் சொன்னாள். நான் அதைத் தவறான அறிவுக்கு உதாரணமாக எடுத்துக்கொண்டு கரும்பலகையில் பிரித்துப் போட்டேன். வகுப்பு சிரித்தது. அந்த மரத்தில் இறந்துபோனவர் அவளுடைய சொந்த அத்தை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. செமஸ்டர் முடியும்வரை அவள் வாயைத் திறக்கவில்லை. நூலைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அளவைவாதி ஐதிகத்தைப் பிழைகளின் பட்டியலில் வைக்கவில்லை, அளவைகளின் பட்டியலில் வைத்திருக்கிறான். சுட்டுணர்வு, திரியக் கோடல், ஐயம், தேராது தெளிதல் என்று பிழைகளுக்குத் தனியாக எட்டுப் பெயர் கொண்ட வேறு பட்டியல் இருக்கிறது. ஊர் சொல்வதை ஏற்பதா மறுப்பதா என்பதற்கு முன்னால், ஊர் எதை அறிந்து அப்படிச் சொல்கிறது என்று கேட்டிருக்க வேண்டும். தேராமல் தெளிந்தவள் நான். இப்போது அந்த இடம் வந்தால் மரத்தைப் பற்றி யார் சொன்னது, எப்போதிலிருந்து, அங்கே என்ன நடந்தது என்று மட்டும் கேட்கிறேன். பேச்சு பெரும்பாலும் பேயிலிருந்து மனிதர்கள் பக்கம் தானாகத் திரும்பிவிடுகிறது.

அந்த வருடத்துக்குப் பிறகு இன்னொரு பழக்கமும் கொண்டுவந்தேன். ஒருவர் சொன்னதை மறுக்க வேண்டுமானால், முதலில் அவர் சொன்னதை அவரே 'ஆமாம், இதைத்தான் சொன்னேன்' என்று ஒத்துக்கொள்ளும்படி திருப்பிச் சொல்ல வேண்டும். வகுப்பில் இதற்குப் 'பரபக்கம்' என்று பெயர். அருணந்தி சிவாச்சாரியாரின் சிவஞான சித்தியாரிலிருந்து எடுத்த பெயர். தன் சித்தாந்தத்தைச் சுபக்கத்தில் சொல்வதற்கு முன், உலகாயதனில் தொடங்கிப் பிறர் மதங்களைப் பரபக்கத்தில் அவர் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறார். எதிராளியின் மதத்தை அவன் வாயால் சொல்ல வைத்த பிறகே மறுப்பு. நீலகேசியிலும் இதே கட்டுமானம்தான். அந்தச் சமண நூலை உரையோடு 1936இல் பதிப்பித்த அ. சக்கரவர்த்தி தத்துவப் பேராசிரியர் என்பது எனக்குத் தனிப் பெருமை. நம் பிள்ளைகள் பார்த்து வளர்ந்தது தொலைக்காட்சிப் பட்டிமன்றம். அதில் எதிரணி சொன்னதைக் கொஞ்சம் திரித்தால்தான் கைதட்டல் வரும். பட்டிமன்றத்தை நான் வகுப்புக்குள் விடுவதில்லை. பரபக்கம் பழகுவது கஷ்டம். 'நான் அப்படிச் சொல்லல' என்று மூன்று முறை, நான்கு முறை திருப்பி அனுப்பப்பட்டு, ஐந்தாவது முறை எதிரே இருப்பவர் தலையாட்டும்போது, மறுக்க எழுந்தவருக்கு மறுப்பதற்கு ஒன்றுமில்லாமல் போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மொழியைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தத் தொழிலைப் பற்றிச் சொன்னதாகாது. என் பிள்ளைகள் தேர்வை எந்த மொழியில் எழுதினாலும் யோசிப்பது தமிழில். தமிழில் 'ஏன்' என்று கேட்டால் 'காரணம்' என்று பதில் வரும். பஸ் ஏன் வரவில்லை என்றாலும் காரணம். அவன் வருவான் என்று ஏன் நம்புகிறாய் என்றாலும் காரணம். ஒன்று நிகழ்ச்சியை உண்டாக்கியது, மற்றது நம்பிக்கையைத் தாங்குவது. இந்த இரண்டையும் பிரிக்கத் தெரியாமல் தத்துவத்தில் ஒரு அடி எடுத்து வைக்க முடியாது. எப்படிச் சொல்லிப் புரியவைப்பது என்று வருடக்கணக்கில் திணறினேன். கடைசியில் விடை தமிழ்த்துறையின் பாடப் புத்தகத்தில் இருந்தது. தண்டியலங்காரத்தில் ஏது அணியைக் காரக ஏது, ஞாபக ஏது என்று பிரித்திருக்கிறார்கள். ஆக்குவது காரகம், அறிவிப்பது ஞாபகம். நெருப்பு புகைக்குக் காரக ஏது. புகை நெருப்புக்கு ஞாபக ஏது. ஒரே இரண்டு பொருள்கள், அம்புக்குறி மட்டும் எதிரெதிர்த் திசையில். கரும்பலகையில் இதை வரைந்த அன்று, பி.காம். மாணவன் ஒருவன், கடையில் கூட்டம் இருப்பதும் சரக்கு நன்றாக இருப்பதும் இப்படித்தானா என்று கேட்டான். மீதிப் பாடத்தை அவனே நடத்தியிருக்கலாம்.

இப்படிச் சொல் தேடுகிறபோதெல்லாம் நான் போய் நிற்பது கலைக்களஞ்சியத்திடம். அவினாசிலிங்கம் செட்டியார் 1946இல் தமிழ் வளர்ச்சிக் கழகத்தைத் தொடங்கினார். பெ. தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளைக் கொண்டுவந்தார். இருவருமே கொங்கு நாட்டுக்காரர்கள். பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண வித்யாலயத்தை நிறுவியவர் முன்னவர், அங்கே ஆசிரியராக இருந்தவர் பின்னவர். எந்தத் துறையையும் தமிழில் சொல்லிவிட முடியும் என்று நம்பி உட்கார்ந்து வேலை செய்தவர்கள். இலங்கையில் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் 'அளவையியலும் விஞ்ஞான முறையும்' என்று ஒரு பாடத்தைத் தமிழிலேயே படித்துப் பரீட்சை எழுதுகிறார்கள். அந்தப் புத்தகங்கள் கிடைத்தபோது ஏக்கமாக இருந்தது. இங்கே ஒரு காலத்தில் இன்டர்மீடியட்டில் லாஜிக் இருந்தது, ஆங்கிலத்தில். இன்று தத்துவத்தில் பட்டம் கொடுக்கும் கல்லூரிகளைத் தமிழ்நாட்டில் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

கல்லூரிக்கு வெளியேதான் கோவையில் தத்துவம் உயிரோடு இருந்தது என்று சொல்லத் தோன்றுகிறது. கோவை ஞானி (1935–2020) பள்ளியில் தமிழாசிரியர். பார்வை போன பிறகும் பிறர் வாசிக்கக் கேட்டு, சொல்லி எழுதவைத்து, மார்க்சியத்தையும் தமிழ் மரபையும் ஒன்றோடொன்று மோதவிட்டுக்கொண்டே இருந்தார். எஸ்.என். நாகராசன் கீழை மார்க்சியம் பேசியதும் இந்த ஊரில்தான். இவர்களுக்குத் தேர்வும் கிடையாது, யூனிட்டும் கிடையாது. என் வகுப்புக்கு இரண்டும் உண்டு. அதனால் இது குறைந்தது என்று நான் நினைப்பதில்லை. விரும்பி வருகிறவர்களோடு பேசுவது ஒரு வேலை, இடமில்லாமல் வந்தவர்களோடு பேசுவது வேறு வேலை. இரண்டாவது இல்லாவிட்டால் முதலாவதற்கு ஆள் வராது.

மணிமேகலைக்குத் திரும்புகிறேன். என் வகுப்பில் பாதிக்கு மேல் பெண்கள். அவர்களிடம் நான் தவறாமல் சொல்லும் ஒரு செய்தி இருக்கிறது. வஞ்சி நகரில் சமயவாதிகளிடம் அவரவர் கொள்கையைக் கேட்டறியப் போகும்போது மணிமேகலை தன் சொந்த உருவத்தில் போகவில்லை. இளம்பெண் என்றால் யாரும் பொருட்படுத்திச் சொல்ல மாட்டார்கள் என்று தெய்வமே முன்கூட்டிச் சொல்லிவிட, தவசியின் உருவம் எடுத்துக்கொண்டு போகிறாள். அளவைவாதி தொடங்கிப் பூதவாதி வரை ஒவ்வொருவரிடமும் கேட்கிறாள். பிறகுதான் காஞ்சியில் அளவை கற்கிறாள், அதற்குப் பிறகே கொள்கை. முதலில் எல்லோரையும் கேள், பிறகு அளக்கக் கற்றுக்கொள், பிறகு முடிவு செய். ஒரு தத்துவ அறிமுகப் பாடத்தை இதைவிட நன்றாக யாரும் யூனிட் பிரித்ததில்லை. அந்த வஞ்சி கரூர்தான் என்பவர்கள் உண்டு, கேரளக் கரையில் என்பவர்களும் உண்டு. கரூர் என்றால் அந்தப் பாடம் நடந்தது கொங்கு மண்ணில். ஆசைப்படுகிறேன், ஆனால் வகுப்பில் இரண்டு பக்கத்து ஏதுக்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். உ.வே.சா. இந்த நூலை 1898இல் பதிப்பித்தார். பௌத்தக் கொள்கைகளைப் புரிந்துகொள்ளக் கும்பகோணம் கல்லூரியில் தன்னோடு பணியாற்றிய மளூர் ரங்காசாரியாரை உட்கார வைத்துக் கேட்டுக் கேட்டுத் தெளிந்துதான் அதைச் செய்தார் என்பதையும் சொல்வேன். அவ்வளவு பெரிய புலவர் அப்போது ஒரு மாணவர்.

முதல் வரிசைப் பெண் ஒருத்தி இதைக் கேட்டுவிட்டு, "இப்ப நாங்க வேஷம் போட வேண்டியதில்லீங்களா மேம்?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். பட்டம் முடித்த கையோடு அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போகிறார்கள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். "இந்த ரூமுக்குள்ள வேண்டாம் கண்ணு" என்று மட்டும் சொன்னேன்.

அவள்தான் போன செமஸ்டரில் என்னை மடக்கியதும். டேக்கார்ட் 1641இல் வெளியிட்ட தியானங்களில் ஒரு மெழுகுத் துண்டைத் தீயருகே கொண்டுபோகிறார். நிறம், வடிவம், மணம், கெட்டித்தன்மை எல்லாம் மாறிப்போகிறது. ஆனாலும் அதே மெழுகு என்கிறோம். அப்படியானால் மெழுகை அறிந்தது கண்ணும் மூக்கும் அல்ல, அறிவு என்று முடிக்கிறார். மெழுகுக்குப் பதில் நான் தேங்காய் எண்ணெயை வைத்துக்கொள்கிறேன். மார்கழிக் காலையில் பாட்டிலில் வெள்ளையாக உறைந்திருப்பதை மேசையில் வைத்துவிட்டு வகுப்பைத் தொடங்கினால், வெயில் ஏற ஏறக் கண்ணெதிரே இளகித் தெளிந்துவிடும். எது மாறியது, எது மாறவில்லை என்று கேட்டேன். அவள் எழுந்து வந்து மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். "வாசம் மாறலீங் மேம். மூக்குலதான் அதே எண்ணெய்னு தெரியுது. அறிவு எங்க வந்துச்சு?" டேக்கார்ட்டின் மெழுகில் வாசமும் போய்விடுகிறது, என் எண்ணெயில் போகவில்லை. உதாரணத்தை மாற்றியபோது வாதத்தின் ஒரு கால் முறிந்ததை நான் கவனித்திருக்கவில்லை. வாசம் மட்டும் இருந்து மற்றதெல்லாம் வேறாக இருந்தால் அதே எண்ணெய் என்பாயா என்று கேட்டிருக்கலாம். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்தான் அது தோன்றியது. அதுவும் போதாது என்று ராத்திரி தோன்றியது.

இந்த வருடம் அவள் மூன்றாம் ஆண்டு, எலெக்டிவ் முடிந்துவிட்டது. ஆனாலும் எண்ணெய் வகுப்பு என்றைக்கு என்று முன்கூட்டியே சொல்லச் சொல்லியிருக்கிறாள், பின்னால் வந்து உட்கார்ந்துகொள்வாளாம். டிசம்பர் மூன்றாம் வாரம் என்று சொல்லியிருக்கிறேன். ஸ்டாஃப் ரூம் ஜன்னலில் இரண்டு பாட்டில் வைக்க வேண்டும். ஒன்றில் தேங்காய் எண்ணெய், இன்னொன்றில் வாசமே இல்லாத ஏதாவது ஒன்று. அது என்னவென்று இன்னும் முடிவு செய்யவில்லை.